தரிசு என்று எழுதப்பட்ட நிலம்



2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்னும் உச்சத்தைத் தொட்டது. ஒரு மெகாவாட் என்பது பத்து லட்சம் வாட்; மாநிலத்துக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பங்கு இன்றும் நிலக்கரியை எரித்தே கிடைக்கிறது என்பதும், அந்தப் புகைதான் பருவமழையின் ஒழுங்கைக் குலைத்து மானாவாரி உழவனைத் தவிக்கவிடுகிறது என்பதும் இந்த அவைக்குப் புதிய செய்திகள் அல்ல. சின்ன வெங்காயத்துக்கு நீர் பாய்ச்ச மின்சாரம் வேண்டியிருக்கும் பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளத்தில் நின்றுகொண்டு மின்சாரம் வேண்டாம் என்று எவரும் பேச முடியாது. வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் எடுப்பதே இனி வழி என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் அதற்கான பலகைகளும் கோபுரங்களும் எந்த நிலத்தில் ஊன்றப்பட வேண்டும், அந்த நிலத்தில் இப்போது யார் வாழ்கிறார்கள், அதை யார் கேட்டு முடிவு செய்கிறார்கள் என்ற கேள்விகள் இந்த நாட்டில் இன்னும் ஒழுங்காகக் கேட்கப்படவில்லை.

பொதுநிலம் என்பது தமிழ்நாட்டில் ஒரே வகைப்பட்டதன்று. வனத்துறையின் கையிலுள்ள காப்புக்காடு ஒன்று. வருவாய்த்துறையின் கணக்கிலுள்ள ஏரி, ஓடை, மேய்க்கால், பாதை ஆகிய புறம்போக்குகள் மற்றொன்று. எவர் பெயருக்கும் பட்டா ஆகாமல் 'தரிசு' என்று எழுதி வைக்கப்பட்ட நிலம் மூன்றாவது. ஆங்கிலேயர் காலத்து ரயத்துவாரி முறையில், அதாவது உழவர் ஒவ்வொருவரிடமும் அரசே நேரடியாகத் தீர்வை வாங்கிய முறையில், தீர்வை தராத நிலம் பயனற்ற நிலமாகவே கருதப்பட்டது. அந்தக் கணக்குப்பிள்ளைப் பார்வை இன்றும் மாறவில்லை. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நடுவண் அரசு வெளியிடும் தரிசுநில வரைபடத் தொகுப்பிலும் புதர்க்காடு என்பது பயனற்ற நிலத்தின் ஒரு வகையாகவே இடம்பெறுகிறது.

பெரம்பலூர் மாவட்டத்தில் அத்தகைய தரிசு ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. ஆவாரையும் சூரையும் கிளுவையும் வேலமும் முளைத்து, நடுநடுவே சுக்கான்கல் கிடக்கும் வெட்டவெளியில், கோடையின் தொடக்கத்தில் ஆட்காட்டிக் குருவி கூடு என்று சொல்லத்தக்க எதையும் கட்டுவதில்லை. வெறுந்தரையில் ஒரு சிறு பள்ளம் பறித்து, சுற்றிலும் சில கற்களை ஒதுக்கி வைத்து, பெரும்பாலும் நான்கு முட்டைகளை இடுகிறது. மண்ணிறத்தில் கரும்புள்ளிகளோடு கிடக்கும் அந்த முட்டைகள், கல்லோடு கல்லாய்க் கலந்துவிடுவதால், பக்கத்தில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கும் எளிதில் படுவதில்லை. நிலத்தைச் சமன்படுத்த வரும் பொக்லைன் ஓட்டுநருக்கு அவை தெரியவே போவதில்லை. கௌதாரியும் காடையும் முயலும் உடும்பும் அதே வெளியில் வாழ்கின்றன. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் பூனைப்பருந்துகள் தாழப் பறந்து இரைதேடி, அத்தகைய புல்தரையிலேயே இரவில் அடைகின்றன. மனிதருக்கும் அந்த நிலத்தில் பங்குண்டு. அறுவடைக்குப் பின் வயலில் கிடை போட்டு எருவைத் தரும் செம்மறி மந்தை ஆண்டில் பல மாதங்கள் மேய்வது அங்கேதான்.

மின்திட்டத்துக்காக வேலி கட்டி அந்த வெளி அடைக்கப்பட்டால் ஆட்டுக்காரர் வேறிடம் தேடுவார், மந்தை குறையும், உழவருக்குக் கிடைத்துவந்த எரு குறையும். வெண்பாவூர் காப்புக்காட்டுப் பகுதிப் புள்ளிமான்கள் கோடையில் தண்ணீர் தேடி வெளியே வந்து சாலையில் அடிபட்டுச் சாவதையும், சோளக்காட்டில் புகுந்து உழவரின் கோபத்துக்கு ஆளாவதையும் இந்த மாவட்டம் நன்கறியும். காட்டுக்கும் வயலுக்கும் இடையில் இருக்கும் புறம்போக்கு மேலும் சுருங்கினால் அந்த மோதல் கூடுமேயன்றிக் குறையாது.

சட்டம் இங்கே கைகொடுக்கும் என்று எண்ணுவோர் உண்டு. வன நிலமாயின் 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி நடுவண் அரசின் ஒப்புதல் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, அதாவது ஒரு திட்டத்தால் மண்ணுக்கும் நீருக்கும் உயிர்களுக்கும் நேரக்கூடிய கேட்டை முன்கூட்டியே ஆய்ந்து, மக்களிடம் கருத்துக் கேட்டு, அதன் பிறகே இசைவு தரவேண்டும் என்னும் விதி, சூரியமின் பூங்காக்களையும் காற்றாலைகளையும் தொடுவதில்லை. தூய்மையான மின்சாரம் என்பதால் தரப்பட்ட விலக்கு அது. நோக்கம் நல்லதே எனினும், வருவாய்த்துறைத் தரிசு ஒன்றில் ஆயிரம் ஏக்கர் பூங்கா வந்தால், அங்கே எத்தனை உயிர்கள் இருக்கின்றன என்று எண்ணிப்பார்க்கும் சட்டக் கடமை எவருக்கும் இல்லை என்பதே அதன் விளைவு.

இந்த அலட்சியத்தின் விலை என்ன என்பதை ராஜஸ்தானின் தார்ப் பாலைவனம் காட்டியிருக்கிறது. உலகில் ஏறத்தாழ 150 மட்டுமே எஞ்சியுள்ள கானமயில், பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவற்றுள் ஒன்று. முழுவளர்ச்சி பெற்ற ஆண்பறவை 15 கிலோ வரை எடை இருக்கும். தரையில் நடந்து இரைதேடும் அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், நேர் எதிரே குறுக்கிடும் மெல்லிய மின்கம்பி அதற்குத் தெரிவதில்லை. தெரிந்த நொடியிலும் அந்தக் கனத்தோடு சட்டென்று திரும்ப முடிவதில்லை. வழக்கமாக ஒரே ஒரு முட்டை இடும் பறவை அது. ஆகவே கம்பியில் மோதி இறக்கும் ஒவ்வொன்றும் ஈடுசெய்ய இயலாத இழப்பு. தார்ப் பகுதியில் 4,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் மட்டும் மின்கம்பிகளால் எல்லா இனங்களையும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 84,000 பறவைகள் இறக்கக்கூடும் என்று இந்திய வனவிலங்கு நிறுவனம் மதிப்பிட்டது.

கானமயிலைக் காக்கக் கோரி வனவிலங்குப் பாதுகாப்பாளர் எம்.கே. ரஞ்சித்சிங் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரல் 19 அன்று, ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் மேல்நிலை மின்கம்பிகளுக்குக் கட்டுப்பாடு விதித்து, இயன்ற இடங்களில் அவற்றைப் பூமிக்கடியில் பதிக்கச் சொன்னது. அவ்வளவு பரந்த நிலத்தில் அது நடைமுறைக்கு ஒவ்வாது என்று அரசு முறையிட்டதன் பேரில், 2024 மார்ச் 21 அன்று அதே நீதிமன்றம் முந்தைய ஆணையைத் தளர்த்தி வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படும் உரிமை அரசியலமைப்பின் 14, 21 ஆகிய பிரிவுகளில் அடங்கியுள்ளது என்று அறிவித்ததும் அந்தத் தீர்ப்பே. 2025 டிசம்பரில் குழுவின் பரிந்துரை ஏற்கப்பட்டு, ராஜஸ்தானில் 14,013 சதுர கிலோமீட்டரும் குஜராத்தில் 740 சதுர கிலோமீட்டரும் கானமயிலுக்கான முன்னுரிமைப் பகுதிகளாயின. இத்தனை ஆண்டு வழக்கும் செலவும் எதற்காக நேர்ந்தன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பறவை எங்கே வாழ்கிறது என்று முதலிலேயே கேட்டிருந்தால், கம்பி வேறு வழியில் போயிருக்கும்.

ராஜஸ்தானில் 'ஓரண்' எனப்படும் நிலங்களும் உண்டு. தெய்வத்தின் பெயரால் ஊரார் வெட்டாமல் காத்துவந்த மேய்ச்சல் வெளியும் மரக்கூட்டமுமான அவை, தமிழ்நாட்டுக் கோயில் காடுகளுக்கு ஒப்பானவை. அவற்றுள் பலவும் வருவாய்ப் பதிவேட்டில் தரிசாகவே இருந்தமையால் மின்திட்டங்களுக்குப் போயின. கால்நடை வளர்ப்போர் வீதிக்கு வந்தனர். கூடலூர்க் காடுகளை ஒட்டித் தொடங்கிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், 2024 டிசம்பரில், அத்தகைய நிலங்களை அளந்து காடாக அறிவிக்க உச்ச நீதிமன்றம் ராஜஸ்தானுக்கு ஆணையிட வேண்டியதாயிற்று.

பெரம்பலூரும் அரியலூரும் இந்த வகையில் அனுபவம் இல்லாத மாவட்டங்கள் அல்ல. ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் பழுப்பு நிலக்கரி எடுத்து மின்சாரம் தயாரிக்கப் போவதாகச் சொல்லி 1990களின் பிற்பகுதியில் கிராமம் கிராமமாக நிலம் கையகப்படுத்தப்பட்டு, இழப்பீட்டு வழக்குகள் ஒரு தலைமுறைக்காலம் நீண்டு, ஒரு யூனிட் மின்சாரமும் கிடைக்காமலே திட்டம் கைவிடப்பட்டது. 2021இல் அரியலூர் மாவட்டத்தில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓ.என்.ஜி.சி. விண்ணப்பித்தபோது அதற்கு இசைவு மறுக்கப்பட்டது. இவ்விரண்டும் மண்ணுக்கு அடியிலிருந்து எரிபொருள் எடுக்கும் திட்டங்கள். இனி வரப்போவன மண்ணின் மேல் பரவி நிற்பவை, ஆகவே எதிர்ப்பின் முறையும் ஏற்பின் முறையும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

அரியலூர் மாவட்டத்தில், மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிரப்பும் கரைவெட்டி ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஜனவரியில் ராம்சர் தலமாக, அதாவது உலக நாடுகளின் உடன்படிக்கையின்கீழ் காக்கப்படும் ஈரநிலமாக ஆயிற்று. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து அங்கே குளிர்காலத்தைக் கழிக்கிறது. ஏரியில் தங்கும் வாத்துகள் ஏரியோடு நிற்பதில்லை. அந்தியிலும் விடியலிலும் மங்கிய ஒளியில் சுற்றுப்புற வயல்களுக்குப் பறந்து சென்று மேய்கின்றன. ஆகவே சரணாலயத்தின் எல்லைக்கல்லுக்கு வெளியே, சட்டப்படி எந்தத் தடையும் இல்லாத இடத்தில் இழுக்கப்படும் உயரழுத்தக் கம்பிதான் அவற்றுக்கு உண்மையான ஆபத்து. அங்கே கம்பிகளைப் புதைக்கவோ, பறவையின் கண்ணில் படும்படி கம்பியில் தொங்கவிடும் வட்டுகளையாவது மாட்டவோ வேண்டும் என்று இப்போதே கோருவது, பின்னால் வழக்குத் தொடுப்பதைவிட எளிது.

அப்படியாயின் மின்சாரத்துக்கு இடம் எங்கே என்று கேட்கப்படும். அது நியாயமான கேள்வி. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் அமைந்த 648 மெகாவாட் சூரியமின் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் நிற்கிறது. அதாவது ஒரு மெகாவாட்டுக்கு நான்கு ஏக்கர் அளவுக்குத் தேவைப்படுகிறது. அரியலூரிலும் பெரம்பலூரின் கிழக்குப் பகுதியிலும் சிமென்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பள்ளங்கள் கிடக்கின்றன. ஒரு காலத்தில் கடலாயிருந்து தொல்லுயிர்ப் படிவங்களைச் சுமந்து நின்ற அந்த மண், கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்துவிட்டது. சுரங்கத்தை மூடும்போது நிலத்தை எவ்வாறு சீராக்குவது என்ற திட்டத்தை நிறுவனங்கள் தந்தாக வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஏற்கெனவே புண்பட்ட அந்த நிலத்தில் சூரியமின் பலகைகள் முதலில் வரட்டும். அதற்குப் பிறகும் போதவில்லையென்றால் புதர்க்காட்டைப் பற்றிப் பேசலாம். இங்கும் ஒரு எச்சரிக்கை வேண்டும். நீண்டகாலமாக நீர் தேங்கிக் கோரை முளைத்த பழைய பள்ளங்கள் சில நீர்ப்பறவைகளின் இடங்களாகிவிட்டிருக்கலாம். ஆகவே பள்ளம் என்றவுடனே அதுவும் வெற்றிடம் என்று எழுதிவிடாமல், ஒவ்வொன்றையும் நேரில் பார்த்துத்தான் ஒதுக்க வேண்டும். கூரைகளும் மறக்கப்படக் கூடாதவை. செட்டிகுளத்துச் சின்ன வெங்காய வணிக வளாகம், பள்ளிகள், அரசு அலுவலகங்கள், நெல் கிடங்குகள் ஆகியவற்றின் மேல் விழும் வெயிலுக்கு எந்தப் பறவையும் உரிமை கோரப் போவதில்லை.

இடத்தை முதலில் தேர்ந்துவிட்டுத் திட்டத்தை அதற்குள் அமைக்கும் முறை உலகுக்குப் புதிதன்று. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், நடுவண் அரசின் பொதுநிலங்களில் விண்ணப்பம் வந்த வரிசையிலேயே சூரியமின் இடங்கள் ஒதுக்கப்பட்டு, பாலைவன ஆமைகள் வாழ்ந்த இடத்திலேயே மின்நிலையம் எழுந்து பெரும் சிக்கலான பிறகு, 2012இல் அந்நாட்டு நிலமேலாண்மைத் துறை ஏறத்தாழ 2,85,000 ஏக்கர் பரப்புள்ள 17 மண்டலங்களை முன்கூட்டியே குறித்து, உயிர்வளம் மிக்க பெரும்பரப்புகளை விலக்கியும் வைத்தது. 2024இல் அது திருத்தப்பட்டபோது, மின்பாதைகளுக்கு அருகிலுள்ள நிலங்களுக்கும் ஏற்கெனவே சீர்குலைந்த நிலங்களுக்கும் முதலிடம் தரப்பட்டது.

அப்படியொரு வரைபடம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கு இன்றுவரை இல்லை; அதை வரையத் தொடங்குவதற்கு மட்டும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். தன் எல்லைக்குள் உள்ள உயிர்களையும், அவற்றைப் பற்றி ஊரார் அறிந்தவற்றையும் எழுதிவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை அந்தக் குழு பேண வேண்டும். அந்தப் பதிவேட்டை வெறும் படிவமாக நிரப்பாமல், மேய்க்கால் எது, ஆட்காட்டி முட்டையிடும் மேடு எது, மான் கடக்கும் ஓடை எது, பட்டியில் ஆடு அடைக்கும் இடம் எது என்று சர்வே எண்ணோடு எழுதச் சொல்ல ஊருக்கு உரிமை உண்டு. அதை நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் ஆடு மேய்ப்போரும் கூலிக்குக் களையெடுக்கும் பெண்களுமே. ஆகவே எழுதுவோர் அவர்களிடம்தான் முதலில் போக வேண்டும். மழைக்காலம், பனிக்காலம், கோடை என மூன்று பருவமும் பார்த்து எழுதப்படாத பதிவேடு அரைகுறையானது, ஏனெனில் பூனைப்பருந்து கோடையில் இராது, ஆட்காட்டியின் முட்டை மார்கழியில் இராது.

கிராமசபை இப்போது ஆண்டில் ஆறு முறை கூடுகிறது. செட்டிகுளம் அடங்கிய ஆலத்தூர் வட்டத்து ஊராட்சிகள் ஒவ்வொன்றும் அடுத்த கூட்டத்திலேயே பல்லுயிர் மேலாண்மைக் குழுவின் உறுப்பினர் பெயர்களைப் படிக்கச் சொல்லி, பதிவேட்டை மேசைமேல் வைக்கச் சொல்லி, வருவாய்த்துறையின் தரிசுப் பட்டியலை அதோடு ஒப்பிட்டு, எந்தெந்தச் சர்வே எண்கள் மின்திட்டத்துக்குத் தரத்தக்கவை, எவை தரத்தகாதவை என்று இரண்டு பட்டியல்களாகத் தீர்மானம் நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம். முதல் பட்டியலில் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் பள்ளங்களும் அரசுக் கட்டடங்களின் கூரைகளும் இடம்பெறட்டும்.