இன்டெக்ஸ் சீசன் 3: புரியலைன்னா தப்பு உங்க மேல இல்ல

இன்னைக்கு எபிசோட்ல ஒரு ரிவ்யூ இருக்கு, ஒரு மன்னிப்பும் இருக்கு. மன்னிப்பு கடைசியில வரும். ரிவ்யூ, 'எ சர்ட்டன் மேஜிக்கல் இன்டெக்ஸ்' அனிமேவோட மூணாவது சீசனுக்கு. ஸ்பாய்லர் நிறைய வரும், இப்பவே சொல்லிட்டேன்.

2018 அக்டோபர். நான் காலேஜ் முடிச்சு முதல் வேலையில சேர்ந்திருந்த நேரம். ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு பி.ஜி. என் ரூம்மேட், ஹாஸ்டல் நாள்லயிருந்தே என்கூட இருக்கிறவன். முதல் செமஸ்டர்ல யாரோ ஒரு சீனியர் கொடுத்த ஹார்ட் டிஸ்க்ல இன்டெக்ஸ் முதல் ரெண்டு சீசனும் இருந்தது. பரீட்சைக்கு முந்தின நாள் கூட ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தோம். ரெண்டாவது சீசன் ஜப்பான்ல 2011 ஏப்ரல்லயே முடிஞ்சிடுச்சு. மூணாவது வரவே வராதுன்னு எல்லாரும் கைவிட்ட பிறகு, ஏழரை வருஷம் கழிச்சு வந்தது.

வாரா வாரம் சேர்ந்து பார்க்க ஆரம்பிச்சோம். ரெண்டாவது வாரத்துலயே அவன் கேள்வி கேட்க ஆரம்பிச்சுட்டான். "மச்சான், இவன் யாரு? இவன் ஏன் அவனை அடிக்கிறான்?" நான் வீடியோவை நிறுத்தி பதில் சொல்வேன். அடுத்த வாரம் இன்னும் நாலு கேள்வி. ஆறாவதோ ஏழாவதோ எபிசோட்ல, எனக்கு அலுத்துப்போய், "நாவல் படிடா, எல்லாம் புரியும்"னு சொல்லிட்டேன். அவன் ஒண்ணும் சொல்லல. ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு கிரிக்கெட் ஹைலைட்ஸ் பார்க்கப் போயிட்டான். அதுக்கப்புறம் அவன் என்கூட உட்கார்ந்து ஒரு அனிமே கூட பார்க்கல.

சரி, கதை என்னன்னு தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். டோக்கியோவுக்கு மேற்கே 'அகாடமி சிட்டி'னு ஒரு நகரம். மக்கள்தொகை 23 லட்சம், அதுல 80 சதவீதம் மாணவர்கள். அங்க விஞ்ஞான முறையில பசங்களுக்கு அமானுஷ்ய சக்தியை வளர்க்கிறாங்க. லெவல் 0-ல இருந்து லெவல் 5 வரை தரம் பிரிச்சிருப்பாங்க. லெவல் 5-ல மொத்தமே ஏழு பேர்தான். நகரத்துக்கு வெளியே இன்னொரு உலகம் இருக்கு: தேவாலயங்கள், மந்திரவாதிகள், மந்திர நூல்கள். இந்த ரெண்டு உலகத்துக்கும் நடுவுல ஹீரோ காமிஜோ டோமா. அவனோட வலது கை எந்த அமானுஷ்ய சக்தியைத் தொட்டாலும் அது அணைஞ்சிடும். மந்திரமா விஞ்ஞானமாங்கிற வித்தியாசமே கிடையாது. அவன் பால்கனியில ஒரு நாள் வந்து தொங்குற பொண்ணுதான் இன்டெக்ஸ். 1,03,000 மந்திர நூல்களை மனப்பாடமா தலைக்குள்ள வச்சிருக்கிறவ.

இது கசுமா கமாச்சி எழுதின லைட் நாவல் வரிசை. எனக்கு இது ஏன் பிடிச்சதுன்னா, சண்டை எல்லாமே ஒரு கணக்கு மாதிரி இருக்கும். முதல் கதையையே எடுத்துக்கோங்க. இன்டெக்ஸோட மூளையில 85 சதவீதத்தை அந்த நூல்களே அடைச்சுக்கிச்சாம். மீதி 15 சதவீதம் ஒரு வருஷ ஞாபகத்துல நிரம்பிடுமாம். அதனால வருஷா வருஷம் அவ ஞாபகத்தை அழிக்கலைன்னா அவ செத்துடுவா. இப்படித்தான் தேவாலயம் அவளோட நண்பர்களையே நம்ப வச்சிருக்கும். டோமா யோசிப்பான்: ஒரு வருஷத்துக்கு 15 சதவீதம்னா, எதையும் மறக்காத நினைவாற்றலோட பிறக்கிறவங்க எல்லாருமே ஆறு ஏழு வயசுக்குள்ள செத்துடணுமே? அப்படி யாரும் சாகறது இல்லையே? அவ்வளவுதான், பொய் உடைஞ்சிடும். வில்லனை வீழ்த்தினது அடி இல்ல, ஒரு வகுத்தல் கணக்கு. இன்ஜினியரிங் முதல் வருஷ பையனுக்கு இதைவிட என்ன வேணும்?

அந்தக் கதையோட முடிவுல டோமா தன்னோட ஞாபகத்தையே இழந்துடுவான். ஆனா இன்டெக்ஸ் அழக்கூடாதுன்னு, எல்லாம் ஞாபகம் இருக்கிற மாதிரி நடிப்பான். முதல் சீசன் ஆறாவது எபிசோட் அது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

இப்ப மூணாவது சீசன். எல்லாரும் சொல்ற குறை: "ஆளுங்க ஜாஸ்தி, குழப்பம்." ஆளுங்க ஜாஸ்திதான், மறுக்கல. ஒரே நாள்ல நடக்கிற ஒரு கதையில மட்டும் அகாடமி சிட்டியோட அஞ்சு ரகசியக் குழுக்கள் மோதிக்கும்: க்ரூப், ஸ்கூல், ஐட்டம், பிளாக், மெம்பர். ஒவ்வொண்ணுலயும் நாலஞ்சு பேர். பேரைப் பாருங்க, இன்டர்ன் வச்ச வேரியபிள் பேர் மாதிரி இருக்கு. அதைத் தாண்டினா பிரிட்டன் அரச குடும்பத்துல ஒரு உள்நாட்டுக் கலகம். அதையும் தாண்டினா ரஷ்யாவுல மூணாவது உலகப் போர். எல்லாமே 26 எபிசோடுக்குள்ள.

ஆனா என்னைக் கேட்டா, கூட்டம் பிரச்சினை இல்ல. நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் சீசன்: 24 எபிசோட், 6 புத்தகம். ஒரு புத்தகத்துக்கு நாலு எபிசோட். ரெண்டாவது சீசன்: 24 எபிசோட், 7-ல இருந்து 13 வரை ஏழு புத்தகம். மூணரைக்குக் கொஞ்சம் கம்மி. மூணாவது: 26 எபிசோட், 14-ல இருந்து 22 வரை ஒன்பது புத்தகம். மூணு கூட வரல. கதை பெருசாகப் பெருசாக, அதுக்குக் கொடுத்த இடம் சுருங்கிக்கிட்டே போயிருக்கு. முதல் கதையில ஒரு ரூம், நாலு பேர். கடைசியில உலகப் போர். நியாயமா இது தலைகீழாத்தானே இருக்கணும்?

இடம் பத்தலைன்னா எதை வெட்டுவீங்க? சண்டையை வெட்ட முடியாது, ட்ரெய்லர்ல அதானே வருது. பிரபலமான ஆளுங்களையும் வெட்ட முடியாது, ரசிகர்கள் விடமாட்டாங்க. வெட்ட முடியறது ஒண்ணே ஒண்ணு: "ஏன்". ஒருத்தன் நின்னு யோசிக்கிற அந்த முப்பது வினாடி.

ஒரு உதாரணம். சீசன் ஆரம்பத்துல டெர்ரானு ஒரு வில்லன் வருவான். அவனோட சக்தி, ரெண்டு பொருளுக்கு நடுவுல முன்னுரிமையை மாத்துறது. 'தோல் மேல, கத்தி கீழ'ன்னு அவன் வரிசை போட்டா, கத்தி தோலை வெட்டாது. 'மாவு மேல, கல் கீழ'ன்னா மாவு கல்லை அறுக்கும். ப்ரயாரிட்டி க்யூவை வச்சு ஒரு வில்லன்! பலவீனமும் உண்டு. ஒரு நேரத்துல ஒரு வரிசைதான் அவனால போட முடியும். இதை டோமா எப்படிக் கண்டுபிடிக்கிறான்ங்கிறதுதான் அந்தச் சண்டையோட உயிர். அனிமேல அது ஓட்டமா கடந்து போயிடுது. பார்க்கிறவனுக்கு என்ன தெரியுது? ஒருத்தன் மாவை வீசுறான், ஒருத்தன் கையை நீட்டுறான், ஒருத்தன் விழறான். என் ரூம்மேட் கேட்டது அதைத்தான்: "மாவுக்கு ஏன்டா பயப்படறாங்க?"

அந்தச் சண்டை பிரான்ஸ்ல அவினியோன் நகரத்துல நடக்கும். ஏன் அவினியோன்? 14-ஆம் நூற்றாண்டுல, 1309-ல இருந்து 1377 வரைக்கும், போப்பாண்டவர்கள் ரோமை விட்டு அங்கதான் இருந்தாங்க. அந்த அரண்மனை இப்பவும் இருக்கு. அந்த நிஜ வரலாற்றை வச்சுத்தான், வத்திக்கானுக்கு வெளியே அங்கிருந்தும் அந்த மந்திர ஆவணத்தை இயக்க முடியும்னு கமாச்சி கதையைக் கட்டியிருக்கார். அருமையான ஐடியா. ஆனா ஸ்க்ரீன்ல அது ஒரு பழைய கட்டடமா மட்டும் வந்து போகுது.

கூட்டம் இருந்தாலும் புரிய வைக்கலாம்ங்கிறதுக்கு சாட்சி வெளியே தேட வேண்டாம். இதே உலகத்துல 'ரெயில்கன்'னு ஒரு கிளைத் தொடர் இருக்கு. இன்டெக்ஸ் முதல் சீசன்ல 'சிஸ்டர்ஸ்' கதை அஞ்சு எபிசோட்ல முடிஞ்சிடும். மிசாகாங்கிற பொண்ணோட டி.என்.ஏ.வை வச்சு 20,000 குளோன் செஞ்சு, நம்பர் ஒன் அக்சலரேட்டர் கையால ஒவ்வொண்ணா சாகடிக்கிற பரிசோதனை. 2013-ல வந்த 'ரெயில்கன் எஸ்' இதே கதையை மிசாகா கண் வழியா கிட்டத்தட்ட 16 எபிசோட் எடுத்துச் சொல்லுச்சு. ஐட்டம் குழுவைக் கூட உள்ள கொண்டுவந்தாங்க. ஆள் கூடுச்சு, குழப்பம் கூடல. ஏன்னா நாம ஒரே ஒருத்தி பின்னாடி நடக்கிறோம். அவளுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. அவளுக்குப் புரியும்போது வயித்துல ஒரு குத்து நமக்கும் விழும்.

இதைச் சொன்னதால மூணாவது சீசன் குப்பைன்னு அர்த்தம் இல்ல. அதுல ஹமாசுரா இருக்கான். லெவல் 0. ஸ்பெஷல் வலது கை எல்லாம் கிடையாது. கார் திருடத் தெரியும், பயப்படத் தெரியும். டகிட்சுபோங்கிற ஒரு பொண்ணைக் காப்பாத்த, நகரத்துலயே நாலாவது பலசாலியான முகினோ முன்னாடி போய் நிப்பான். அவன் வர்ற காட்சிகள்ல குழப்பமே இல்ல. அவனுக்கு என்ன வேணும்னு நமக்குத் தெளிவா தெரியும். பிரிட்டன் கதையோட முடிவுல, மன்னருக்கு மட்டும்னு இருந்த வாளோட சக்தியை மகாராணி மொத்த மக்களுக்கும் பங்கு போட்டுக் கொடுத்துடுவாங்க. என்ன ஒரு யோசனை! அந்த ஒரு காட்சிக்காகவே அந்தப் பகுதியைப் பார்க்கலாம்.

அப்புறம், அந்த ஞாபக மறதி. கடைசியில, ரஷ்யாவுக்கு மேல மிதக்கிற ஒரு கோட்டையில, டோமா இன்டெக்ஸ்கிட்ட உண்மையை ஒத்துக்குவான். எனக்கு உன்னை முதல்ல சந்திச்சதே ஞாபகம் இல்ல, இத்தனை நாளும் நடிச்சேன்னு. 2008-ல ஒளிபரப்பான ஒரு பொய், 2019-ல உடையுது. பத்து வருஷக் காத்திருப்பு. நான் அந்த எபிசோடை பி.ஜி.யில தனியா பார்த்தேன். கண்ணு கலங்கிச்சு. சட்டுன்னு பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். என்கூட அந்த ஆறாவது எபிசோடை ஹாஸ்டல்ல பார்த்து "டேய், பாவம்டா அவன்"னு சொன்னவன், போனைப் பார்த்துக்கிட்டு இருந்தான். இதைப் புரிஞ்சுக்கிற ஒரே ஆள் அவன்தான். அவனை நான்தான் வெளியே அனுப்பிட்டேன்.

இன்னொண்ணும் சொல்லணும். ரெண்டு வருஷம் முன்னாடி ஆபீஸ்ல டீம் மாறினேன். என் வேலையை எடுத்துக்க ஒரு ஜூனியர் பொண்ணு வந்தா. ரெண்டு மணி நேரம் கே.டி. கொடுத்தேன். போர்டு முழுக்க கட்டம், அம்புக்குறி. "டவுட் இருக்கா?"ன்னேன். "இல்ல"ன்னா. ஒரு வாரம் கழிச்சு ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ். ஒரு ஜாப் ஃபெயில் ஆகிக்கிட்டே இருக்கு, ரெண்டு நாளா உட்கார்ந்திருக்கேன்னு. "டாக்குமென்ட்ல இருக்கே"ன்னு டைப் பண்ணிட்டு, அனுப்பறதுக்கு முன்னாடி அந்த டாக்குமென்டை நானே திறந்து பார்த்தேன். எந்த ஜாப் எந்த நேரத்துல ஓடும்னு எல்லாம் இருந்தது. எது முதல்ல ஓடணும், ஏன்னு ஒரு வரி கூட இல்ல. அது என் தலைக்குள்ள மட்டும்தான் இருந்தது. அந்தப் பொண்ணு ரெண்டு நாளும் தனக்குத்தான் அறிவு பத்தலைன்னு நினைச்சிருக்கா. "நாவல் படிடா"ன்னு சொன்ன அதே ஆள்தான் அந்த டாக்குமென்டையும் எழுதியிருக்கான். மெசேஜை அழிச்சிட்டு, போன் பண்ணி விளக்கினேன். பத்து நிமிஷம் கூட ஆகல.

அதனால என் தீர்ப்பு இதுதான். ஒரு கதை தன் சொந்த மேடையில நின்னு புரியணும். கூடுதலா படிச்சவனுக்குக் கூடுதல் ருசி கிடைக்கலாம். படிக்காதவனுக்குச் சாப்பாடே இல்லைன்னா அது பந்தி இல்ல. பார்க்கணும்னு நினைக்கிறவங்க, இன்டெக்ஸ் முதல் சீசன், 'ரெயில்கன் எஸ்', இன்டெக்ஸ் ரெண்டாவது, அப்புறம் மூணாவதுன்னு போங்க. மூணாவதுல அஞ்சு குழுவையும் மனப்பாடம் பண்ண முயற்சி பண்ணாதீங்க. ஹமாசுராவைப் பிடிச்சுக்கோங்க, கரை சேர்த்துடுவான். படிச்ச ஃப்ரெண்ட் யாராவது பக்கத்துல இருந்தா, வீடியோவை நிறுத்தி கேளுங்க. அவன் அலுத்துக்கிட்டா, இந்த எபிசோடை அனுப்புங்க.

மன்னிப்பு பாக்கி இருக்கு. மச்சான், நீ இப்ப வேற ஊர்ல இருக்க, இதைக் கேப்பியான்னு தெரியல. நீ கேட்ட ஒவ்வொரு கேள்வியும் சரியான கேள்வி. மாவுக்கு ஏன் பயந்தாங்கன்னு இப்ப சொல்லிட்டேன். மீதி 20 எபிசோட் இருக்கு. எந்த சனிக்கிழமைன்னு சொல்லு, ரெண்டு பேரும் கால் போட்டுட்டுப் பார்க்கலாம். எத்தனை தடவை வேணும்னாலும் நிறுத்து.

அடுத்த வாரம் சந்திப்போம் மக்களே!