ஒரே புரதம், ரெண்டு பேரு

ஸ்ட்ரோக்னு சொன்னாலே நமக்குத் தாத்தா, பாட்டிதான் ஞாபகத்துக்கு வருவாங்க. ஆனா பிறந்த குழந்தைக்கும் ஸ்ட்ரோக் வரும். வாய் கோணாது, பேச்சு குழறாது. முதல் சில நாட்கள்ல ஒரு பக்கக் கையும் காலும் மட்டும் வெட்டி வெட்டி இழுக்கலாம். சில குழந்தைகளுக்கு அதுவும் இருக்காது.

பெரியவங்களுக்கு முதல் சில மணி நேரத்துல ரத்தக்கட்டியைக் கரைக்க மருந்து இருக்கு. பச்சைக்குழந்தைக்கு அது வழக்கமான சிகிச்சை இல்லை. ரத்தக்குழாய் எப்போ அடைச்சதுன்னே பெரும்பாலும் தெரியாது. அதனால அடுத்த கேள்வி முக்கியமாகுது: அடிபட்ட மூளை தன்னை எப்படிச் சரிபண்ணிக்குது?

ஆக்சிஜன் குறைஞ்சதும் செல்கள் ஒரு புரதத்தை வெளியிடும். அதுக்குப் பேரு வி.இ.ஜி.எஃப். "இங்கே புது ரத்தக்குழாய் வேணும்"னு அது சொல்லும். ஆக்சிஜன் குறையுறதை செல் எப்படி உணருதுன்னு கண்டுபிடிச்சவங்களுக்குத்தான் 2019ல மருத்துவ நோபல் கிடைச்சது.

அப்போ இதையே ஊசியா போட்டா போதுமே? நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா இதே புரதத்தை 1983ல முதல்ல கண்டுபிடிச்சப்போ வெச்ச பேரே வேற: ரத்தக்குழாயைக் கசிய வைக்கும் காரணி. வளர்க்கிறதும் இதுதான், கசிய வைக்கிறதும் இதுதான்.

2000ல வளர்ந்த எலிகள்ல சோதிச்சாங்க. ஸ்ட்ரோக் வந்து ஒரு மணி நேரத்துல கொடுத்தா, மூளைக்குள்ள கசிவு கூடுச்சு. 48 மணி நேரம் கழிச்சுக் கொடுத்தா, புது ரத்தக்குழாய் வளர்ந்துச்சு, எலியும் தேறுச்சு. மருந்து ஒண்ணுதான், மாறினது நேரம்.

குட்டி எலிகள்ல சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் முதல்ல தலைகீழாப் பண்ணிப் பார்த்தாங்க. ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் இந்தப் புரதத்தோட சிக்னலைத் தடுத்தா, அதிக செல்கள் செத்துச்சு. பிறகு 2013ல வெளியான ஆய்வுல, ஸ்ட்ரோக் வந்து சுமார் ஒரு வாரம் கழிச்சு அதை மூளைக்குள்ள கொடுத்தாங்க. புது ரத்தக்குழாய்கள் கூடுச்சு, மூளையும் நல்லா தேறுச்சு.

எனக்குப் பெருசாப் பட்டது அந்த ஒரு வாரம்தான். தாமதமாத் தெரிய வர்ற நோய்க்கு, தாமதமாக் கொடுத்தாலும் பலிக்கிற மருந்துதானே தேவை?

ஆனா இது இன்னும் எலி அளவுலதான் இருக்கு. "வளர்ச்சிக் காரணி ஊசி"ன்னு யாராவது விளம்பரம் பண்ணினா காசைக் கொடுத்துடாதீங்க. நம்மால இன்னிக்கே முடிஞ்சது ஒண்ணு இருக்கு. ஒரு வயசுக்குள்ள குழந்தை எப்பவுமே ஒரே கையை மட்டும் நீட்டி, இன்னொரு கையை மூடியே வெச்சிருந்தா, "வலக்கைப் பழக்கம்"னு ரசிச்சுட்டு விட்டுடாதீங்க. குழந்தைகள் டாக்டர்கிட்ட காட்டுங்க. பயிற்சியை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ, அந்தக் கைக்கு அவ்வளவு நல்லது.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.