மைதானத்து வீரனும் ஆராய்ச்சி மணியும்

(இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விளையாட்டைப் பற்றிப் பேசும்படி செயலாளர் பணித்தார். கிண்ணங்களையும் கேடயங்களையும் பற்றிப் பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்ட விஷயமோ சற்றுக் கசப்பானது. ஒரு கல்லூரிக்குப் புகழ் தேடித் தரும் வீரன்மீது, அவன் ஒரு பெண்பிள்ளையிடம் தகாதபடி நடந்தான் என்றோ, இளைய மாணவனைத் துன்புறுத்தினான் என்றோ முறைப்பாடு எழுந்தால், அக்கல்லூரி செய்யவேண்டியது யாது?

நமது தோட்டப் பகுதியில் இதன் பாரம் அதிகம். லயத்துப் பிள்ளை ஒருவன் மாகாணப் போட்டிவரை சென்றுவிட்டால் தோட்டமே தலைநிமிர்கிறது. அவன்மீது ஒரு சொல் எழுந்தால், "பையனுடைய எதிர்காலம் என்னாவது?" என்று பதறுகிறோம். பதறுவது நியாயமே. ஆனால் முறையிட்டவளும் ஒரு லயத்துப் பிள்ளைதானே? அவளுடைய எதிர்காலத்தை விசாரிப்பார் யார்?

பல்கலைக்கழக விளையாட்டில் பெரும் பணம் புழங்கும் அமெரிக்காவில் நிகழ்ந்த இரண்டு சம்பவங்களைக் கேளுங்கள். டெக்சாஸ் மாநிலத்துப் பெய்லர் பல்கலைக்கழகத்திலே காற்பந்து வீரர் சிலர்மீது மாணவிகள் முறையிட்டனர். அணியின் பயிற்சியாளர்களே சில சமயம் முறையிட்டவரையோ பெற்றோரையோ நேரிற் சந்தித்துப் பேசிவிட்டு, உரிய அதிகாரிகளுக்கு அறிவிக்காமல் விட்டனர் என்பது 2016 மே மாதத்தில் வெளியான விசாரணை முடிவு. தலைமைப் பயிற்சியாளர் ஆர்ட் பிரைல்ஸ் பதவி இழந்தார். பல்கலைக்கழகத் தலைவர் கென் ஸ்டாரும் அப்பதவியினின்று நீக்கப்பட்டார்.

மற்றையது அதற்கு நேர்மாறு. 2006இல் டியூக் பல்கலைக்கழகத்தில், வலைக்கோலாற் பந்தாடும் லக்ரோஸ் அணியினர் மூவர்மீது ஒரு பெண் பாலியல் குற்றம் சாட்டினாள். வழக்கு நடைபெறு முன்னரே அணியின் எஞ்சிய ஆட்டங்கள் ரத்தாயின. பயிற்சியாளரும் பதவி துறக்க நேர்ந்தது. பத்திரிகைகள் தீர்ப்பெழுதி முடித்துவிட்டன. 2007 ஏப்ரலில் வட கரோலினாவின் சட்டமா அதிபர் ரோய் கூப்பர், மூவரும் நிரபராதிகள் என்று அறிவித்தார். வழக்கைத் தொடுத்த அரச வழக்கறிஞர் மைக் நைஃபோங் சட்டத்தொழில் உரிமையை இழந்தார்.

ஓரிடத்தில் மூடிமறைத்தார்கள், மற்றோரிடத்தில் அவசரப்பட்டார்கள். என் சிற்றறிவுக்கு இரண்டும் ஒரே பிழையாகவே தோன்றுகின்றன. உண்மை எதுவென்று தேடுமுன் நிலையத்தின் பெயர் என்னாகும் என்றே இரு கூட்டத்தாரும் எண்ணினார்கள்.

நம் நாட்டிலும் பாடமுண்டு. 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர் ஒருவர், பகிடிவதையென்ற பெயரில் கடுமையான உடற்பயிற்சிகளைச் செய்விக்கப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து மாண்டார். அடுத்த ஆண்டிலேயே, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. பகிடிவதைக்கு 2 ஆண்டுவரையும், அதன்போது பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ விளைவித்தால் 10 ஆண்டுவரையும் சிறை. அச்சட்டத்தில் விளையாட்டு வீரனுக்கென்று தனிச் சலுகை ஏதுமில்லை.

மனுநீதிச் சோழன் கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம். கன்றை இழந்த பசு மணியை அடித்ததும், அமைச்சர்கள் பரிகாரம் செய்து முடித்துவிடலாம் என்றார்கள். நம்மூரிலும் அவ்வமைச்சர்கள் இருக்கிறார்கள்! இரு வீட்டாரையும் அழைத்து, சமாதானம் பேசி, செலவுக்குச் சிறிது பணமும் கொடுத்து அனுப்புகிறார்கள். மன்னன் அதற்கு இசையவில்லை. குற்றஞ்செய்தவன் தன் மகன் என்பதற்காக வேறு நீதி தேடவில்லை.

ஆகவே அதிபர்களுக்கு நான் விண்ணப்பிப்பது இதுதான். பயிற்சியாளரை விசாரணையில் அமர்த்தாதீர்கள். அவருக்குச் சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது. முறைப்பாட்டை எழுத்தில் வாங்குங்கள். குற்றம் சாட்டப்பட்டவனையும் முழுமையாகக் கேளுங்கள். விசாரணை முடியும்வரை அவனை அணியிலிருந்து விலக்கி வைப்பது தீர்ப்பாகாது. 2022 நவம்பரில் நம் தேசியத் துடுப்பாட்ட வீரர் ஒருவர் சிட்னியில் கைதானபோது, இலங்கைக் கிரிக்கெட் நிறுவனம் உடனே அவரை இடைநிறுத்தியது. 2023 செப்டெம்பரில் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது. மறுமாதமே தடையும் நீங்கியது.

பாதிக்கப்பட்டது 18 வயதுக்குட்பட்ட பிள்ளையாயின், அது பாடசாலை வாசலோடு முடியும் காரியமன்று. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929. அதை நமது சங்க அறிவித்தற் பலகையில், விளையாட்டுப்போட்டி அட்டவணைக்குப் பக்கத்திலேயே எழுதிவைக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.