போன பிள்ளை வீடு திரும்பும் வரை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் தமிழின் தொன்மையைப் பற்றியும், திரைகடல் கடந்த தமிழரின் புகழைப் பற்றியும் பேசுவது நம் சங்கத்தின் மரபு. இவ்வாண்டு செயற்குழுவினர் நமக்கு அளித்த பொருள் அதனினும் எளியது. ஆனால் அதனினும் அவசரமானது. பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளின் உடல்நலமும் பாதுகாப்பும் என்பதே அது. நாம் மருத்துவர் அல்லோம். சட்டம் கற்றவரும் அல்லோம். இரு பிள்ளைகளைத் தலைநகரின் பள்ளிகளில் படிக்கவைத்த பெற்றோர் என்னும் ஒரே தகுதியோடு உங்கள் முன் நிற்கின்றோம்.

காலை ஏழு மணிக்கு நம் காலனி வாயிலில் நின்று பாருங்கள். ஒரு கையில் தண்ணீர்ப் புட்டியும் மறு கையில் டிபன் டப்பாவுமாகப் பிள்ளைகள் வண்டி ஏறுகின்றனர். வண்டி திருப்பத்தில் மறையும் வரை தாய் நிற்கிறாள். பின்னர் ஏழு மணி நேரம் அப்பிள்ளை நம் கண்ணுக்கு அப்பால் வாழ்கிறது. நம் ஊரில் பள்ளிக்கூடம் தெருக்கோடியில் இருந்தது. வாத்தியார் நம் தாத்தாவுக்கு அறிமுகமானவர். தலைவலி என்றால் வழியிலேயே அத்தை வீடு இருந்தது. இங்கே தாத்தாவும் இல்லை, அத்தை வீடும் இல்லை. வயிறு வலிக்கிறது என்று இந்தியில் சொல்லத் தெரியாமல், மதியம் வரை மேசைமேல் தலை வைத்துப் படுத்திருந்த குழந்தையை நாம் அறிவோம். ஆகவே, பிற பெற்றோருக்கு உள்ள பொறுப்பைக் காட்டிலும் நமக்குள்ள பொறுப்பு ஒரு படி கூடுதலானது.

அன்பர்களே, ஜூலைத் திங்கள் 16 ஆம் நாள் என்றால் உங்கள் நினைவுக்கு வருவது யாது? 2004 ஆம் ஆண்டு அந்நாளில், நம் தஞ்சைத் தரணியின் கும்பகோணத்தில், பள்ளிச் சமையற்கூடத்தில் எழுந்த தீ கூரைக் கீற்றைப் பற்றியது. 94 குழந்தைகள் மாண்டனர். மாடிப்படியோ குறுகலானது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2013 ஆம் ஆண்டு அதே ஜூலை 16 ஆம் நாள், பீகாரின் சாரண் மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி அவ்வுணவில் கலந்திருந்தது. சமைத்த பெண்மணி எண்ணெயைப் பற்றி ஐயம் எழுப்பினார் என்றும், அச்சொல் பொருட்படுத்தப்படவில்லை என்றும் அந்நாளைய செய்திகள் கூறின. ஒன்று தெற்கே, ஒன்று வடக்கே. ஒன்று நெருப்பு, ஒன்று நஞ்சு. ஆயினும் இரண்டுக்கும் வேர் ஒன்றே. அபாயம் கண்முன் இருந்தது; நிறுத்துங்கள் என்று சொல்லும் குரல் எழவில்லை, அல்லது எழுந்த குரலைக் கேட்பாரில்லை.

கும்பகோணத் துயரத்தை ஒட்டி எழுந்த வழக்கில், 2009 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் உச்ச நீதிமன்றம் ஓர் உயரிய கருத்தை உரைத்தது. கல்வி பெறும் உரிமை என்பதனுள் பாதுகாப்பான பள்ளியில் பயிலும் உரிமையும் அடங்கும் என்பதே அது. பள்ளிகள் தீயணைப்புக் கருவிகளை வைத்திருத்தல் வேண்டும், ஆசிரியர்களுக்கு அவற்றைக் கையாளும் பயிற்சி அளித்தல் வேண்டும் என்றும் ஆணையிட்டது. ஆகவே, பள்ளியில் சேர்க்கும்போது தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்கும் நாம், தீயணைப்புக் கருவி எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது ஒத்திகை நடத்தினீர்கள் என்றும் கேட்கலாம். அது சண்டை அன்று, உரிமை.

பள்ளிகளைக் குறை கூறுமுன் நம்மையும் ஒருமுறை நோக்குவோம். 1995 ஆம் ஆண்டு டிசம்பர் 23 ஆம் நாள், அரியானாவின் டப்வாலி நகரில் இதுபோன்றதொரு பள்ளி ஆண்டு விழா நடந்துகொண்டிருந்தது. செயற்கை இழைத் துணியால் அமைத்த பந்தல் தீப்பற்றியது. குழந்தைகளும் அவர்களைக் காண வந்த பெற்றோருமாக நானூறு பேருக்கு மேல் இறந்தனர். வெளியேறும் வழி போதாமையே சாவின் எண்ணிக்கையைப் பெருக்கிற்று. இதனை அறிந்திருந்தும், சென்ற ஆண்டு நம் சங்க விழாவில் நடந்தது என்ன? குழந்தைகள் கும்மியடித்துக்கொண்டிருந்த வேளையில், குடிநீர் தேடிப் பின்புறம் சென்றோம். பின்வாயிலை அடைத்து மடக்கு நாற்காலிகள் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றை ஒட்டிச் சமையல்காரரின் எரிவாயு உருளைகள் மூன்று நின்றன. அன்று ஒன்றும் நேரவில்லை. அதனால் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவுமில்லை. நாமும் விழாவின் மகிழ்ச்சியைக் குலைக்க மனமின்றி வாளாவிருந்தோம். அந்த மௌனத்தை இன்று இம்மேடையில் ஒப்புக்கொள்கின்றோம். இவ்வாண்டு மூன்று வாயில்களும் திறந்துள்ளன. உருளைகள் மைதானத்தின் மறு கோடியில் உள்ளன. எல்லோரும் தயைகூர்ந்து ஒருமுறை திரும்பி, உங்களுக்கு அருகிலுள்ள வாயில் எதுவென்று பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கும் காட்டுங்கள். நன்றி.

அடுத்து, பள்ளி வண்டி. 1997 ஆம் ஆண்டு நவம்பர் 18 ஆம் நாள், நம் தில்லியின் வசீராபாத் பாலத்திலிருந்து பள்ளிப் பேருந்து ஒன்று யமுனையில் வீழ்ந்தது. 28 குழந்தைகள் மாண்டனர். அதன் பின்னர் உச்ச நீதிமன்றம் பள்ளிப் பேருந்துகளுக்கு விதிகள் வகுத்தது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தைக் கடத்தல் கூடாது. ஓட்டுநர் ஐந்து ஆண்டு அனுபவம் உடையவராதல் வேண்டும். பிள்ளைகளைக் கவனிக்க வண்டியில் உதவியாளர் ஒருவர் இருத்தல் வேண்டும் என்பன அவற்றுட் சில. ஆனால் நம்மில் பலர், மாதம் சில நூறு ரூபாய் மிச்சமாகும் என்று, எட்டுப் பேர் அமரும் வேனில் பதினைந்து பிள்ளைகளை அடைத்துச் செல்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்கின்றோம். வண்டி தாமதமானால் ஓட்டுநரைக் கடிந்துகொள்கின்றோம். விரைந்து ஓட்டினால் கெட்டிக்காரர் என்கின்றோம். வேகத்தைக் கற்றுக்கொடுப்பவர் நாமே அல்லவா?

உணவைப் பற்றிச் சில சொற்கள். பசித்த வயிறு பாடம் கேளாது என்பதை நாட்டுக்கு முதலில் உணர்த்தியவர்களுள் தமிழர் முன் நிற்கின்றனர். 1956 ஆம் ஆண்டு காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவு தமிழகமெங்கும் பரவத் தொடங்கியது. 1982 ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரிவாக்கினார். 2001 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற ஆணையால் சமைத்த உணவு நாடு முழுவதற்கும் உரியதாயிற்று. 2022 ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் காலை உணவும் தொடங்கப்பட்டுள்ளது. பரிமாறுமுன் ஆசிரியர் முதலானோர் உண்டு பார்த்தல் வேண்டும் என்பது மதிய உணவுத் திட்டத்தின் வழிகாட்டு விதி. இப்பெருமை நமக்கு உண்டு. ஆயினும் நம் பிள்ளைகளின் டிபன் டப்பாவில் இருப்பது என்ன? அவசரத்தில் அடைத்த பிஸ்கோத்தும், கடைச் சிப்ஸும், ஆறிப்போன நூடுல்ஸும் அல்லவா? முந்தின இரவு மாவு இருந்தால் இரண்டு இட்டலி; இல்லையேல் எலுமிச்சை சாதமும் ஒரு வாழைப்பழமும். இவை ஆறினாலும் சுவை குன்றா.

பிப்ரவரி 10 ஆம் நாளும் ஆகஸ்டு 10 ஆம் நாளும் பள்ளிகளில் குடற்புழு நீக்கும் மாத்திரை வழங்கும் ஏற்பாடு 2015 ஆம் ஆண்டு தொடங்கியது. வயிற்றுப் பூச்சி ஏழைக் குழந்தைகளுக்கே வரும் என்று எண்ணி, நம் பிள்ளைக்கு வேண்டாம் என எழுதியனுப்பும் பெற்றோர் நம்மிடையே உண்டு. புழு யாருடைய சம்பளச் சீட்டையும் பார்த்து வருவதில்லை.

இனி, சொல்லக் கூச்சப்படும் ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது. நம் காலனியில் ஏழாம் வகுப்பு பயிலும் சிறுமி ஒருத்தி நாள்தோறும் தண்ணீர்ப் புட்டியை நிறைந்தபடியே திருப்பிக் கொண்டுவந்தாள். தாய் கடிந்துகொண்டார். சிறுமி பதில் கூறவில்லை. ஒரு திங்களுக்குப் பின் குளிர் காய்ச்சல் கண்டது. சிறுநீர்த் தடத்தில் தொற்று என்றார் மருத்துவர். ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று அவர் கனிவோடு கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. பள்ளிக் கழிவறையில் தாழ்ப்பாள் உடைந்து மாதக் கணக்காகியிருந்தது. அங்கே போக அஞ்சிய குழந்தை, தாகத்தை அடக்கக் கற்றுக்கொண்டது.

காலனித் தாய்மார் நால்வர் ஒன்றுகூடினர். இந்தியில் எப்படிப் பேசுவது என்னும் தயக்கம் அவர்களைத் தடுத்தது. இறுதியில் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு சென்றனர். தலைமை ஆசிரியையோ வங்காளத்திலிருந்து வந்தவர். அவருடைய இந்தியும் நம்முடையதைப் போன்றதே! அவர் உடனே எழுந்து, தாமே அவ்வறையைச் சென்று பார்த்தார். ஒரு வாரத்தில் நான்கு கதவுகளுக்கும் தாழ்ப்பாள் வந்தது. ஒரு தாழ்ப்பாளின் விலை ஒரு சினிமாச் சீட்டின் விலையளவும் இல்லை. அதற்காக ஒரு குழந்தை மருத்துவமனையில் மூன்று நாள் கிடக்க நேர்ந்தது. தாய்மார்களே, திரும்பி வரும் தண்ணீர்ப் புட்டி ஒரு கடிதம்; அதைப் படியுங்கள்.

புத்தகச் சுமையைப் பற்றி நாடாளுமன்றத்தில் முதற்குரல் எழுப்பியவர்களுள் ஒருவர், சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் ஆவார். 1989 ஆம் ஆண்டு மாநிலங்கள் அவையில் அவர் குழந்தைகளின் முதுகிற்காகப் பேசினார். பேராசிரியர் யஷ்பால் தலைமையில் குழு அமைந்து 1993 ஆம் ஆண்டு அறிக்கை அளித்தது. 2020 ஆம் ஆண்டின் புத்தகப்பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைக் கடத்தல் கூடாது என்கிறது. இருபது கிலோ எடையுள்ள குழந்தைக்கு இரண்டு கிலோ. இன்றிரவு வீட்டிற்குச் சென்றதும் பையைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

உடற்காயம் கண்ணுக்குத் தெரியும், உள்ளக்காயம் தெரியாது. 2009 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 17 ஆம் பிரிவில், பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தை வதைப்பதையும் தடுத்துள்ளது. 'கண்ணை மட்டும் விட்டுவிட்டு அடியுங்கள்' என்று வாத்தியாரிடம் ஒப்படைத்த காலம் போயிற்று, போனது நன்றே. பாலியல் தீங்கிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் உள்ளது. அத்தகைய குற்றத்தை அறிந்தவர் எவரும் அதனைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது அச்சட்டம். 1098 என்னும் எண்ணைக் குழந்தையே அழைக்கலாம். ஆனால் எந்தச் சட்டத்திற்கும் முன்னால் நிற்க வேண்டியது, பிள்ளை வாய் திறக்கும்போது நம்பிக் கேட்கும் தாய்தந்தையின் செவி. 'குடும்ப மானம் போய்விடும், வெளியே சொல்லாதே' என்று அடக்குவோமாயின், குற்றவாளிக்குக் காவல் நிற்பவர் நாமே ஆவோம்.

நம் நகரின் காற்றையும் மறத்தற்கில்லை. 2023, 2024 ஆம் ஆண்டுகளின் நவம்பரில் புகைமூட்டத்தால் பள்ளிகளின் நேர்வகுப்புகளை நிறுத்த நேர்ந்தது. இழுப்பு நோயுள்ள பிள்ளையின் பையில் இன்ஹேலர் இருத்தல் வேண்டும்; அதைப் பயன்படுத்தும் முறை வகுப்பாசிரியருக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். காற்று மிகக் கெட்ட நாட்களில் மைதானத்தில் ஓடவைக்க வேண்டாம் என்று டைரியில் எழுதியனுப்பத் தயங்காதீர்கள்.

நிறைவாக நான்கு வேண்டுகோள்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் நம் காலனியிலிருந்து இரு பெற்றோர் பெற்றோர் கூட்டத்திற்குத் தவறாது செல்வோம். இந்தி நன்கறிந்த சங்க இளைஞர், தயங்கும் தாய்மார்க்குத் துணையாகச் செல்வர். மூவர் இதற்கு இசைந்துள்ளனர். பிள்ளையின் இரத்த வகை, ஒவ்வாமை, இரண்டு தொலைபேசி எண்கள் ஆகியவற்றை டைரியின் முதற்பக்கத்தில் எழுதுவோம். வயிறு வலிக்கிறது, பயமாக இருக்கிறது, எனக்கு வேண்டாம் என்னும் மூன்று தொடர்களை இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு குழந்தைக்கும் கற்பிப்போம்.

மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும், 'எத்தனை மதிப்பெண்?' என்று கேட்பது நம் வழக்கம். நாளை முதல் அதற்கு முன்பாக ஒரு கேள்வி கேட்போம்: 'இன்று எப்படி இருந்தாய், கண்ணே?' பதில் வரும் வரை காத்திருப்போம்.

நாட்டியத்திற்குக் காத்திருக்கும் குழந்தைகளை இனியும் சோதிக்க விரும்பவில்லை.  வாழ்க நம் குழந்தைகள்! வளர்க நம் சங்கம்!