நிலையான முகவரி இன்றி

(சங்கத்தின் நூற்றாண்டை முன்னிட்டு மெல்பேர்ணில் நடைபெற்ற மதியபோசன ஒன்றுகூடலில் வாசிக்கப்பட்ட உரை)

மதிப்புக்குரிய தலைவி அவர்களே, எங்களுக்குப் படிப்பித்த ரீச்சர்மாரே, அக்காமாரே, தங்கைமாரே, அவர்களோடு கூட்டிவரப்பட்ட அத்தான்மாரே,

இந்த உரையை நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதினோம். எங்களில் ஒருவர்தான் பழைய மாணவி. மற்றவர் 42 வருடங்களாக ஒரு பழைய மாணவியின் சொற்கேட்டு நடப்பவர். அந்தத் தகுதியில் அவருக்கும் இடம் கொடுக்கலாம் என்று செயலாளர் பெரிய மனதுடன் சம்மதித்தார்.

பயண அனுபவங்களைச் சுவையாகச் சொல்லுங்கள் என்றுதான் எங்களைக் கேட்டார்கள். மலை, கடல், சூரிய அஸ்தமனம் எல்லாம் எங்கள் ரெலிபோனில் இருக்கின்றன, பிறகு காட்டுகிறோம். உங்களிற் பலர் எங்களைத் தனியே கண்டு கேட்கும் கேள்வி வேறு. "உள்ள வீட்டை வித்துப்போட்டு ஏன் ரோட்டில நிக்கிறியள்?" அதற்குத்தான் பதில் சொல்ல முயல்கிறோம்.

27 வருடங்கள் இருந்த வீட்டை விற்று மூன்று வருடங்களாகின்றன. பிள்ளைகள் போன பிறகு நான்கு அறைகளில் இரண்டு பூட்டியே கிடந்தன. எங்களில் ஒருவருக்கு இருதயத்தில் அடைப்பு வந்து, இரண்டு ஸ்டென்ற் வைத்து, ஆறு வாரம் வீட்டில் இருந்தபோது இந்த நாட்டின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டினார். 30 வருடங்களுக்கு மேல் இங்கே வாழ்ந்தும் நாங்கள் கண்டவை வேலைத்தலம், தேவாலயம், தமிழ்க்கடை, பிள்ளைகளின் ரியூசன் வகுப்பு, இவ்வளவுதான். முதலில் ஆறு மாதம் என்றோம். கணக்குப் போட்டபோது வீட்டையும் வைத்துக்கொண்டு வாகனமும் வாங்க ஓய்வூதியம் இடம் தரவில்லை. ஒரு வருடம் ஜெபித்தோம், நிறையச் சண்டையும் பிடித்தோம். பிறகு விற்றோம்.

வாகனம் ஏழு மீற்றர் நீளம். சாதாரண கார் அனுமதிப்பத்திரத்தில் ஓட்டுவதானால் வாகனமும் அதிலுள்ள எல்லாமும் சேர்ந்து நாலரைத் தொன்னுக்கு மேற்படக்கூடாது. நாங்கள் ஏற்றவேண்டியதையெல்லாம் ஏற்றிக்கொண்டு நிறுவைப் பாலத்துக்குப் போனோம். 180 கிலோ அதிகம். தண்ணீர்த் தாங்கி நிரம்பினாலே 150 கிலோ என்பது எங்கள் புத்தியில் ஏறியிருக்கவில்லை. வீதியோரத்தில் நின்று ஒவ்வொன்றாக இறக்கினோம். அம்மி போனது. பித்தளைக் குத்துவிளக்கு போனது. புத்தகங்களில் முக்கால்வாசி போயின. மாமியின் பெரிய தமிழ் வேதாகமம் மூன்று கிலோ, அதை ஒருவர் விடமாட்டேன் என்றார். இடியப்ப உரலை மற்றவர் விடமாட்டேன் என்றார். இரண்டும் இன்றும் ஒரே தட்டில் இருக்கின்றன.

இறக்கிய பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எங்களில் பழைய மாணவி அழுதார். மற்றவர் அம்மிக்காக என்று நினைத்தார். 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, அவருடைய அம்மா சைக்கிளின் பின்னால் அரிசியையும் தையல் மெஷினின் தலையையும் கட்டிக்கொண்டு போனவர். எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்க அவருக்கு அரை மணித்தியாலம் கிடைத்ததாம். நாங்கள் அப்போது இங்கே, தொலைக்காட்சியின் முன்னால் இருந்தோம். எங்களுக்குக் கிடைத்ததோ ஒரு வருடம், ஒரு நிறுவைப் பாலம், எல்லாவற்றையும் கொண்டுபோய் வைக்க மகளின் கராஜ். இரண்டையும் ஒப்பிடவே கூடாது என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் மனம் ஒப்பிட்டது.

பிறகு ஒரு படிவம் வந்தது. வீடில்லாமல் பயணிப்போர் வாக்காளராகத் தொடர்ந்து பதிவில் இருக்க இந்த நாட்டில் தனி ஏற்பாடு உண்டு. நல்ல ஏற்பாடுதான். "நிலையான முகவரி இல்லை" என்ற பொருளில் ஒரு வரி அதில் இருந்தது. அதன் கீழே கையொப்பம் வைக்க எங்களுக்கு இரண்டு நாள் எடுத்தது. இடம்பெயர்ந்தவர் என்று கிராம சேவையாளரிடம் பதிந்து, நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றவர்கள் எங்கள் இரு குடும்பங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் விரும்பாமல் பெற்ற பெயரை நாங்கள் விரும்பிக் கேட்டு வாங்குகிறோமோ என்று இருந்தது. ஊரிலுள்ள சின்னம்மாவிடம் ரெலிபோனில் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "திரும்பி வரேலாத இடத்துக்கே போறியள்? இல்லைத்தானே. பிறகென்ன, எழுதிக் குடுங்கோ" என்றார்.

மகள் அப்படி இலேசாக விடவில்லை. "கிறிஸ்மசுக்கு நாங்கள் எந்த வீட்டுக்கு வாறது?" என்று கேட்டாள். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. முதல் வருடம் அவளுடைய வீட்டு முற்றத்தில் வாகனத்தை நிறுத்தினோம். எங்களுக்கென்று அறை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தாள், நாங்களோ பழக்கதோஷத்தில் வாகனத்திலேயே படுத்துவிட்டோம். அது அவளைப் புண்படுத்தியது என்று மார்ச் மாதத்தில்தான் தெரிந்தது. இப்போது அவளிடம் போனால் அந்த அறையில்தான் படுக்கிறோம். பேரப்பிள்ளைகள் வாகனத்தில் படுக்கிறார்கள்.

எங்களுக்குள் ஏற்பட்ட மாற்றத்தையும் சொல்லவேண்டும். கோபித்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்த இங்கே ஓர் அறை இல்லை. கழிவறைக் கதவு ஒன்றுதான் உண்டு, அதற்குள் கனநேரம் இருக்க ஏலாது. ஆகவே கோபம் வந்தவர் வெளியே கதிரையைப் போட்டு இருக்கவேண்டும் என்று விதி செய்தோம். மழையென்றால் சமாதானம். பின்னோக்கி வாகனத்தை எடுக்கும்போது ஒருவர் கை காட்ட, மற்றவர் அதைத் தப்பாக விளங்கிக்கொள்ள, பார்த்திருந்த கரவன்காரர்களுக்கு எங்கள் தமிழ் நன்றாகப் பிடித்துக்கொண்டது. இப்போது ரெலிபோனில் பேசியபடி எடுக்கிறோம். கண்ணாடியில் முகம் தெரியாவிட்டால் உடனே பிரேக்.

சபையில் சொல்லக்கூடாத விடயமாயினும் ஒன்றைச் சொல்கிறோம். வாகனத்துக் கழிவறையின் அடியில் 18 லீற்றர் பெட்டி ஒன்று உண்டு. மூன்று நாளுக்கொருமுறை அதை இழுத்தெடுத்து, அதற்கென உள்ள இடத்தில் ஊற்றிக் கழுவவேண்டும். முதல் முறை எங்களில் ஒருவர் மூக்கைக் கட்டிக்கொண்டு போய், பாதியைச் சப்பாத்தில் ஊற்றிக்கொண்டு வந்தார். அன்றிரவு சிரிப்பு அடங்கிய பிறகு வாளி மலகூடக் காலம் நினைவுக்கு வந்தது. விடியமுன் பின்வளவுப் படலையால் வந்து அதை எடுத்துப்போனவர்கள் இருந்தார்கள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போன குடும்பங்கள் நாங்கள். அவர்களில் ஒருவருடைய பெயர்கூட எங்கள் இருவருக்கும் நினைவில் இல்லை, கேட்டதாகவும் நினைவில்லை. 60 வயதுக்குப் பிறகு அந்த வேலை எங்கள் கைக்கு வந்திருக்கிறது. முறை வைத்துச் செய்கிறோம்.

நல்லாபோர் சமவெளியைக் கடந்த கதையை எல்லோரும் கேட்பார்கள். செடுனாவிலிருந்து நோர்ஸ்மன் வரை சுமார் 1,200 கிலோமீற்றர். அதில் 146 கிலோமீற்றர் வளைவே இல்லாத நேர் வீதி. அடிலெய்டில் ஒரு பழைய மாணவி தன் வளவில் பறித்துத் தந்த கறிவேப்பிலை, பச்சை மிளகாய், தேசிக்காய், ஒரு போத்தல் தேன் எல்லாவற்றையும் மேற்கு அவுஸ்திரேலிய எல்லைச் சோதனைச் சாவடியில் ஒப்படைக்க நேர்ந்தது. பீடைகள் புகாமலிருக்க அப்படிச் சட்டம். அன்றைய பருப்பு வெறும் பருப்பாக இருந்தது. அந்த வீதியிலே சில இடங்களில் விமான ஓடுபாதைக் கோடுகள் வெள்ளையாக வரையப்பட்டிருக்கும். அவசரத்துக்கு வைத்திய விமானம் அங்கேயே இறங்கும். ஜோன் பிளின் என்ற போதகர் 1928 இல் தொடங்கிவைத்த சேவை அது. இரண்டு ஸ்டென்ற் வைத்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது அந்தக் கோடுகளின் மேல் வாகனம் போவது வேறுவிதமான ஆறுதல்.

தேவாலயம் இல்லாமல் இருப்பது எங்களுக்கு வீட்டை விற்றதைவிடக் கடினமாக இருந்தது. 30 வருடங்கள் ஒரே வாங்கில் இருந்தவர்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை எந்த ஊரில் விடிகிறதோ அந்த ஊர்க் கோயிலுக்குப் போகிறோம். ஒரு கோதுமை ஊரில் ஆறு பேர் இருந்தார்கள், எங்களோடு எட்டு. போதகர் மாதத்தில் ஒருமுறைதான் வருவாராம். வாசிக்க ஆளில்லை என்று எங்களிடம் வேதபாடத்தைத் தந்தார்கள். ஆராதனை முடிந்து தேநீர் தரும்போது ஒரு கிழவி எங்கள் கையைப் பிடித்து, அடுத்த வாரமும் நிற்பீர்களா என்று கேட்டார். நாங்கள் நான்கு வாரம் நின்றோம். புட்டு அவித்துக் கொடுத்தோம். அதைச் சீனி போட்டுச் சாப்பிட்டார்கள், நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

எவ்வளவு காலம் இப்படி என்று கேட்கிறீர்கள். சென்ற மாதம் கண் வைத்தியர், ஓட்டுபவரின் இடது கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது என்றார். இப்போதைக்கு ஓட்டலாம், ஆறு மாதத்துக்கொருமுறை காட்டவேண்டும். ஆகவே எங்களில் பழைய மாணவி 66 வயதில் நாலரைத் தொன் வாகனம் ஓட்டப் பழகிக்கொண்டிருக்கிறார். இன்று இந்த மண்டபத்துக்கு ஓட்டிவந்தவர் அவர்தான். வாசலில் இடதுபக்கக் கொன்கிறீற்றுத் தூணில் புதிதாக ஒரு கீறல் இருந்தால் மண்டபக்காரருக்கு நாங்கள் சொல்லிவிட்டோம், நீங்கள் கவலைப்படவேண்டாம்.

வாகனம் பின்பக்கம், மாமரம்போல் ஒரு மரம் நிற்கிறதே, அதன் கீழ் நிற்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் நான்கு நான்கு பேராக வாருங்கள். செருப்பைப் படியில் விடுங்கள். தேநீர் உண்டு, பால்மாத் தேநீர். கப் ஆறுதான், குடித்தவர் கழுவித் தரவேண்டும்.