தேசத்துக்கு முன் பிறந்த அணி

 

விடுதலை பெற்ற நாடு தனக்கென்று ஒரு கால்பந்து அணியை அமைத்துக்கொள்வதுதான் வழக்கம். அல்ஜீரியாவிலோ அணி முதலில் பிறந்தது. நாடு நான்கு ஆண்டுகள் கழித்துப் பிறந்தது. கூடிப் பேச இடமில்லாத மக்களுக்கு ஆட்டக்களமே பொதுமன்றம் ஆகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

1830-ல் பிரான்ஸ் அங்கே காலூன்றியது. கால்பந்து, குடியேறிய ஐரோப்பியரோடு வந்தது. 1921-ல் தலைநகர் அல்ஜியர்ஸின் முஸ்லிம்கள் தங்களுக்கென்று முலூதியா கழகத்தைத் தொடங்கினார்கள். அரசியல் உரிமை மறுக்கப்பட்டவர்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே நடத்திப் பழகிய இடங்களுள் அதுவும் ஒன்று.

1945 மே 8 அன்று செத்தீஃப் நகரில் விடுதலை கேட்டு ஊர்வலம் போனவர்கள் சுடப்பட்டார்கள். அடுத்த வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அவ்வூரில் பிறந்த ரஷீத் மெக்லூஃபிக்கு அப்போது எட்டு வயது. 1957-ல் அவர் பிரெஞ்சு லீக் பட்டம் வென்ற சேன்ட் எத்தியென் அணியின் நட்சத்திரம். மறு ஆண்டு ஏப்ரலில், விடுதலைக்குப் போராடிய தேசிய விடுதலை முன்னணி அழைத்ததும், அவரும் மொனாக்கோ அணியின் முஸ்தபா ஸித்தூனியும் வேறு சிலரும் ரகசியமாக எல்லை கடந்து துனிசியாவின் துனிஸ் நகருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஸித்தூனி துறந்தது, பிரான்ஸ் சார்பில் உலகக் கோப்பையில் ஆடும் வாய்ப்பை. மெக்லூஃபி பிரெஞ்சு ராணுவப் பணியில் இருந்தவர். பிடிபட்டால் தண்டனை நிச்சயம். அங்கே அவர்கள் அமைத்த அல்ஜீரிய அணியை ஃபிஃபா ஏற்கவில்லை. ஆனாலும் 1962-ல் நாடு விடுதலை பெறும் வரை வட ஆப்பிரிக்கா, கிழக்கு ஐரோப்பா, ஆசியா என்று சுற்றி ஆடினார்கள். இன்னும் பிறக்காத நாட்டின் கொடி அரங்குகளில் ஏறியது.

1982 ஜூன் 16, ஸ்பெயினின் ஹிஹோன் நகரம். உலகக் கோப்பையில் அல்ஜீரியா முதன்முதலாக இறங்கிய ஆட்டம். எதிரே மேற்கு ஜெர்மனி. ஜெர்மனியின் ருமெனிகே கோல் போட்டு 1–1 என்று சமன் செய்கிறார். நடுக்கோட்டிலிருந்து பந்தைத் தொடங்கிய அல்ஜீரியர்கள் ஒருவருக்கொருவர் தட்டிக்கொண்டே போகிறார்கள். ஜெர்மானியர் கால் படுவதற்குள் பெல்லூமி வலைக்குள் அடித்துவிடுகிறார். 2–1! அல்ஜீரிய அணியின் பயிற்சியாளர்களுள் ஒருவர் அதே மெக்லூஃபி.

அன்னியர் போன பிறகும் களத்தின் வேலை ஓயவில்லை. தலைநகரில் 2001 முதல் ஊர்வலங்களுக்குத் தடை. இளைஞர்கள் தங்கள் கோபத்தை அரங்கப் படிக்கட்டுகளில் பாட்டாகப் பாடினார்கள். 2019 பிப்ரவரியில் அந்தப் பாடல்கள் மக்கள் போராட்டமாகத் தெருவுக்கு வந்தன. இருபது ஆண்டுகள் ஆண்ட அதிபர் பூத்தஃப்லீக்கா ஏப்ரல் 2 அன்று பதவி விலகினார். அவ்வாண்டு ஜூலையில் ஆப்பிரிக்கக் கோப்பையும் அல்ஜீரியாவின் கைக்கு வந்தது.

மாணவ நண்பர்களே! விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள் என்பவர்களிடம் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். பேச்சுரிமை பறிக்கப்படும் நாட்டில் அரசியல் தானே மைதானம் தேடி வரும். அங்கே எழும் குரலைக் கூச்சல் என்று தள்ளாமல் காது கொடுத்துக் கேட்பது, ஆள்வோருக்கும் கடமை, வரலாறு எழுதும் நமக்கும் கடமை.