கோச்சுக்கும் காசு ஒதுக்குங்கள்



தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21இல் எடுத்த கணக்கைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். இந்தப் பந்தலில் இருக்கும் நம் அக்கா தங்கைகளும் அந்தக் கணக்குக்குள்தான் வருகிறார்கள்.

பெண்களுக்கு 181 உதவி எண் இருக்கிறது, ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. அவற்றுக்குக் கொடுப்பதில் ஒரு பைசா குறையக் கூடாது. ஆனால் அவை அடி விழுந்த பிறகு ஓடி வருபவை. இன்றைக்குக் கை ஓங்குகிறவன் பதினைந்து வயதுப் பையனாக இருந்தபோது அவனுக்காக நாம் என்ன செலவழித்தோம்?

மும்பையில் 'பரிவர்த்தன்' என்ற திட்டம் கிரிக்கெட் கோச்சுகளுக்குப் பயிற்சி கொடுத்தது. பெண்களை மதிப்பது பற்றி அவர்கள் கிரவுண்டிலேயே பையன்களோடு பேசினார்கள். இதற்கு முன்மாதிரி அமெரிக்காவில் இருந்தது. கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ பகுதியில் 16 உயர்நிலைப் பள்ளிகளில் அதைச் சோதித்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். கோச் பேசிய பள்ளிகளில், நண்பன் ஒரு பெண்ணிடம் அத்துமீறும்போது குறுக்கே போய்த் தடுத்த மாணவர்கள் கூடுதலாக இருந்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, காதலியைத் துன்புறுத்துவதும் மற்றப் பள்ளிகளைவிடக் குறைவு.

ஏன் கோச்? டீமில் இடம் அவர் கையில் இருக்கிறது! கபடி ரெய்டில் பிடிபட்டவனைப் பார்த்து ஒருவன், "ஏன்டா பொம்பளை மாதிரி ஆடுற" என்கிறான். கோச் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்துகிறார். "உங்க அம்மா ஒரு நாள் பார்க்கிற வேலையை நீ பார்த்திருக்கியாடா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறார். அப்பா கேட்டால் முறைத்துக்கொண்டு போகிற பையன், அங்கே தலை குனிந்து நிற்பான்.

நம் ஊர்க் கபடிக் கோச் பகலெல்லாம் பெயின்ட் அடித்துவிட்டு மாலையில் சம்பளமில்லாமல் வருகிறவர். அவருக்குப் பயிற்சியும் மாதப்படியும் வேண்டும். பொங்கல் போட்டிக்கு ஃபிளெக்ஸும் சீரியல் லைட்டும் கொடுக்கும் பெரியவர்களே, அதில் பாதியை இதற்குத் தாருங்கள். கம்பெனி நிர்வாகிகளும் வந்திருக்கிறீர்கள். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் சமூகப் பொறுப்பு நிதியைப் பாலினச் சமத்துவத்துக்குச் செலவிட இடம் தருகிறது.

ஒரு நாள் முகாம், உறுதிமொழி, போட்டோ என்று முடித்துவிடாதீர்கள். மூன்று ஆண்டுக்குக் கொடுங்கள். பணம் உருப்படியாகப் போகிறதா என்பதைப் பெண்களே ஒரு குழுவாக உட்கார்ந்து பார்க்கட்டும். அந்தக் குழுவுக்கு நம் மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவியின் பெயரை நான் இந்த மேடையிலேயே முன்மொழிகிறேன்.